பாலத்தைப் பற்றி, மறுபடியும்

அவைக்குறிப்பு எடுப்பவளுக்கு முகம் கிடையாது.
டப்ளினில், லென்ஸ்டர் மாளிகையில்,
பத்து நிமிடத்துக்கொருமுறை மாறிக்கொள்வோம்,
பல்லக்குத் தூக்கிகள் தோள் மாற்றுவதுபோல.
இருமலை எடுத்துவிடுவோம்.
பாதியில் அறுந்த வாக்கியத்துக்கு முடிச்சுப் போடுவோம்.
எத்தனை பேர் கத்தினாலும்
'குறுக்கீடு' என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்துவிடுவோம்.

ஃபியக்ரா லாவெல் எழுந்தால் மட்டும்
அவர் வாய் திறக்குமுன்பே
என் விரல்கள் அடித்துவிடும்:
டெரினவே பாலம்.

வங்கிகளைக் காப்பாற்றும் மசோதா. விடிகாலை இரண்டு மணி.
எல்லோரும் கோடிகளில் பேசிக்கொண்டிருக்க
அவர் மூன்று டன் என்றார்.
அதற்குமேல் பாலம் தாங்காதாம்.
பள்ளிப் பேருந்து அக்கரையிலேயே நின்றுவிடுகிறதாம்.
பதினொரு பிள்ளைகள் மழையில் நடக்கிறார்களாம்.
'மசோதாவுக்கு வாருங்கள்' என்றார் அவைத்தலைவர்.
'வந்துகொண்டுதான் இருக்கிறேன், நடந்து.'
குறுக்கீடு என்று அடித்தேன்.
நானும் சிரித்ததை அடிக்கவில்லை.

மீன்பிடி ஒதுக்கீடு, முதியோர் ஓய்வூதியம்,
பிரெக்ஸிட்டுக்குப் பின் வடக்கு எல்லை,
எதைக் கொடுத்தாலும்
தென்னைமரத்தில் மாட்டைக் கட்டும் மாணவனைப்போல்
அங்கே கொண்டுபோய்க் கட்டிவிடுவார்.
அமைச்சர்கள் யாரோ எழுதிய பதிலை வாசிப்பார்கள்:
பரிசீலனையில் உள்ளது,
மாவட்ட மன்றத்தின் பொறுப்பு,
உறுப்பினரின் அக்கறைக்கு நன்றி.
இதைக் கண்ணை மூடிக்கொண்டே அடிப்பேன்.

மறுநாள் காலையில் திருத்தம் கேட்டு அழைப்பார்கள்.
சொன்னதைச் சொல்லவில்லை என்பார்கள்.
லாவெல் ஒரே ஒருமுறை அழைத்தார்.
ஊர்ப்பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிற்றாம்.
'அது ஒலிப்பதில்லையே' என்றேன்.
'ஒலிக்காவிட்டால் என்னம்மா,
அங்கேதானே குடியிருக்கிறது.'

பதினான்காம் ஆண்டு பாலம் வந்தது.
வேறு யாரோ நாடா வெட்டினார்கள்.
பதினொரு பிள்ளைகளில் நால்வர் அதற்குள்
ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில்,
சாரம் கட்டி வேலை செய்துகொண்டிருந்தார்கள்.
ஒரு கூட்டத்தொடர் முழுக்க அவர் பேசவேயில்லை.
என்ன கேட்பதென்று தெரியவில்லை போலும்.

அடுத்த நவம்பரில்
மூடிக்கிடந்த ஹெனகன் ஹோட்டலுக்கு
அடைக்கலம் கேட்டு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு
ஒரு பேருந்து போனது.
பாலத்தின் குறுக்கே டிராக்டர்கள்,
கறுப்பு உறை சுற்றிய புல்லுருளைகள்,
தகரப் பீப்பாயில் நெருப்பு.
நின்றவர்கள் அவருக்குச் சுவரொட்டி ஒட்டியவர்கள்.
அவர் அம்மாவின் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர்கள்.
மூன்று டன்னா, முப்பது டன் தாங்கும் பாலம்;
பேருந்து அக்கரையிலேயே நின்றது.

உறுப்பினருக்கு நான்கு நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.
ஒன்றுகூடச் செலவாகவில்லை.
'பதினான்கு வருடம் உங்கள் காதில்
அந்தப் பாலத்தைக் கட்டினேன்.
ஒரு தடவையாவது, யார் கடக்க என்று சொன்னேனா?
குறிப்பைப் புரட்டிப் பாருங்கள்.'

அவை புரட்டவில்லை.
இரவு வேலை முடிந்து நான் புரட்டினேன்.
அறுபத்திரண்டு இடங்கள்.
மழை இருந்தது, கைப்பிடிச் சுவரின் விரிசல் இருந்தது,
பிள்ளைகள் என்று இருந்தது.
யாருடைய பிள்ளைகள் என்று எங்கேயும் இல்லை.

சொல்லிவிட்டு அவர் உட்காரவில்லை.
நாற்பது விநாடி சும்மா நின்றார்.
மௌனத்துக்கு எங்களிடம் குறியீடு கிடையாது.
அடுத்த உறுப்பினரின் பெயரை அடித்தேன்.

இருநூற்றுச் சொச்சம் வாக்கில் தோற்றார்.
அவர் இருக்கையில் இப்போது ஓர் இளைஞர்;
தெருவிளக்குகளைப் பற்றி நன்றாகவே பேசுகிறார்.
நேற்று போகிறபோக்கில் அந்த ஊரைச் சொன்னார்.
அந்த எழுத்தையும் சேர்த்து அடித்தேன்.
சரிபார்க்கும் புதுப்பையன் பிழையென்று நீக்கினான்.
திரும்பப் போட்டேன்.